எங்க வீட்டுல சத்தமே இருக்காது

ஷட்டர இறக்கி விடட்டுமாக்கா? நாங்குநேரி தாண்டிட்டா காத்து மண்ண வாரி மூஞ்சில எறியும். நீங்க ஓரத்துலயே இருங்க. எனக்கு இந்த நடு சீட்டு போதும். வயித்த வச்சுக்கிட்டு உள்ள நுழைய முடியல. எட்டு முடிஞ்சு ஒம்பது நடக்குது.

தலைப்பிள்ளையா? நல்லாக் கேட்டிய! ஏழாவது.

எல்லாரும் இப்படித்தான் முழிப்பாவ. எனக்குப் பழகிப் போச்சு. ஆஸ்பத்திரில பேரு எழுதுத பிள்ளைகூட பேனாவ வச்சுட்டு என்னைய ஏற எறங்கப் பாத்தா. பிள்ளைங்கன்னா கர்த்தர் குடுக்குத சொத்துக்கா. சொத்து குடுக்கும்போது போதும்னு யாராவது கைய மடக்குவாவளா?

அந்தா, ரெண்டு சீட்டு முன்னால, நீலத் துப்பட்டா போட்டு, சின்னவன தோள்ல சாய்ச்சுக்கிட்டு இருக்காளே, அவதான் என் மூத்தவ. எமீமா. வேதத்துல உள்ள பேரு. யோபுன்னு ஒரு நல்ல மனுசன். அவருக்கு பிள்ளைங்க எல்லாம் ஒரே நாள்ல செத்துப்போச்சு. பெறகு கர்த்தர் எல்லாத்தையும் திருப்பிக் குடுத்தாரு, பிள்ளைங்களையும் புதுசாக் குடுத்தாரு. அந்தப் புதுப் பிள்ளைங்கள்ல மூத்த பொண்ணு பேரு எமீமா. நீங்க பொட்டு வச்சிருக்கிய, அதான் வெவரமாச் சொல்லுதேன். தப்பா எடுத்துக்கிடாதிய.

அவளத்தான் கூட்டிட்டுப் போறேன். பாளையங்கோட்டையில அவ அத்தை வீட்டுல கொஞ்ச மாசமா இருந்தா. வரமாட்டான்னுதான் எல்லாரும் சொன்னாவ. எங்க வீட்டுக்காரவியளே சொன்னாவ. "நீ போனா வரமாட்டா பியூலா, கொஞ்சம் விட்டுப் பிடிப்போம்"னாவ. நான் கூப்பிட்டா வருவான்னு சொல்லிட்டு பஸ் ஏறுனேன். கூப்பிட்டேன். வந்துட்டா. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல.

திங்கக்கிழமை அவளுக்குப் பத்தாங்கிளாஸ் பரீட்சையாம். தனியா எழுதுதாவள்லா, அது. அவ அத்தை சேத்து விட்டிருக்கா. பதினெட்டு வயசுல பத்தாங்கிளாஸ். இந்த வருசம் இல்லன்னா அடுத்த வருசம் எழுதிட்டுப் போறா, பரீட்சை எங்க ஓடிப் போகுது? பிள்ளை வயித்துக்குள்ள ஒரு வருசம் இருக்குமா? நீங்களே சொல்லுங்க.

பள்ளிக்கூடமா? அனுப்பல. ஒருத்தரையும் அனுப்பல. எமீமா மட்டும் அஞ்சு வரைக்கும் போனா. கிளாஸ்ல மொதப் பிள்ளை. அப்பதான் நாங்க ஒரு குடும்ப முகாமுக்குப் போனோம். அங்க ஒரு குடும்பம் வந்திருந்தாவ, எட்டுப் பிள்ளைங்க. எட்டும் வரிசையா உக்காந்து, குனிஞ்ச தலை நிமிராம, அரவமில்லாம சாப்பிடுதுவ. எங்களுக்கு அப்ப மூணு பிள்ளைங்க. மூணும் மூணு தெசையில ஓடுது. எனக்கு வெக்கமாப் போச்சு. வீட்டுலயே வச்சுப் படிப்பிக்கோம்னு அந்தம்மா சொன்னாவ. நாங்களும் வந்த வாரமே எமீமாவ நிறுத்திட்டோம். அவ டீச்சர் வீடு வரைக்கும் வந்துட்டா. "நல்லாப் படிக்குத பிள்ளைம்மா, பாவம்மா"ன்னு ஒரே புலம்பல். காப்பி குடுத்து அனுப்பிட்டேன்.

வீடு எப்படி நடக்குன்னு கேக்கிய. அதத்தான் எல்லாரும் கேப்பாவ. கேக்கதுக்குன்னே வருவாவ. எங்க சபைலயும் வேற சபைலயும் உள்ள பொம்பளைங்க, மெட்ராஸ்ல இருந்துகூட வந்திருக்காவ. காலம்பற குடும்ப ஜெபம். பெறகு ஆளுக்கொரு சோலி. கெர்சோம் தண்ணி எடுப்பான், கோழி பாப்பான். அவனுக்கு எளையவனுவ ரெண்டு பேரும் பெருக்கணும், துணி காயப் போடணும். எமீமா அடுக்களை. காலச் சாப்பாடு முடிஞ்சதும் பாடம். நான் முன்னால உக்காருவேன். எமீமா சின்னதுகளுக்குச் சொல்லிக் குடுப்பா. நாலாங்கிளாஸ் புஸ்தகம் அவளுக்குத் தலைகீழாத் தெரியும். மூணு தம்பிக்குச் சொல்லிக் குடுத்திருக்கால்லா. அடுத்தவங்களுக்குச் சொல்லிக் குடுத்தா நமக்கும் மனசுல நிக்கும். அதுவும் ஒரு படிப்புதான்.

ஒவ்வொரு பெரிய பிள்ளைக்கும் ஒரு சின்னப் பிள்ளைன்னு பிரிச்சுக் குடுத்திருக்கேன். குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைக்கது எல்லாம் அந்தப் பெரிய பிள்ளை பொறுப்பு. எமீமாவுக்கு ரெண்டு, திர்சாவும் ஒபேத்தும். இந்தா, அவ தோள்ல கெடக்கானே, அவன்தான் ஒபேத்து. பெறந்து நாப்பது நாள் கழிஞ்ச உடனே அவ கையில குடுத்தேன். பால் குடிக்க மட்டும் என்னட்ட வருவான், குடிச்சு முடிச்சதும் திரும்பி அவளத்தான் தேடுவான். அவ இல்லாத இந்த மாசமெல்லாம் நான் தூக்குனா வெறைச்சுக்கிட்டு அழுதான். வேத்தாள் தூக்குனா அழுவுமே, அப்படி.

எங்க வீட்டுல சத்தமே இருக்காதுக்கா. அதான் வாரவங்களுக்கு ஆச்சரியம். ஆறு பிள்ளைங்க இருக்குத வீடா இதுன்னு வாசல்ல நின்னே கேப்பாவ. ரெண்டே காரியம்தான். ஒண்ணு, முறுமுறுப்பு கெடையாது. பசிக்கு, வலிக்கு, முடியலன்னு மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு திரியக் கூடாது. சொன்ன உடனே "சரிம்மா"ன்னு சொல்லணும், ஏன்னு கேக்கக் கூடாது. இன்னொண்ணு, பெரியவங்க பேசும்போது குறுக்க வந்து விழக் கூடாது. என்னட்ட ஏதாவது சொல்லணும்னா, பக்கத்துல வந்து என் கைமேல கைய வச்சுக்கிட்டு நிக்கணும். நான் அந்தக் கைமேல என் இன்னொரு கைய வைப்பேன். உன்னையப் பாத்துட்டேன், இருன்னு அர்த்தம். நான் பேசி முடிச்சு, "என்னம்மா"ன்னு கேட்ட பெறகுதான் வாயத் தொறக்கணும். ஒண்ணரை வயசுலயே பழக்கிருவேன். அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா?

பிரம்பா? இருக்கு. எதுக்கு இல்லன்னு சொல்லணும்? ஆனா எமீமா மேல நான் அத எடுத்ததே கெடையாது. தேவைப்படல.

மிட்டாய் எடுத்துக்கிடுங்க. இஞ்சி மிட்டாய். கொமட்டலுக்கு நல்லது. எனக்கு கொமட்டல்கூட இப்ப இல்ல. வாய்க்கு ஒண்ணுமே தெரியல. கொழம்புல உப்பு போட்டேனா போடலியான்னு எனக்கே தெரிய மாட்டேங்கு. பிள்ளைங்க சொல்லாதுங்க. முறுமுறுக்கக் கூடாதுல்லா. அப்படியே சாப்பிட்டு எந்திரிச்சிரும். ஒரு வாரம் கழிச்சு எங்க வீட்டுக்காரவியதான் சொன்னாவ, "என்ன பியூலா, உப்பையே நிறுத்திட்டியா?"ன்னு.

சொல்லுதேன். எமீமா அத்தை வீட்டுக்குப் போன கதை தான? அது ஒரு சனிக்கிழமை. பாஸ்டரம்மா ஒருத்தங்க, கூட நாலஞ்சு பொம்பளைங்க, எங்க வீட்ட பாக்க வந்திருந்தாவ. மத்தியானச் சாப்பாடு நம்ம வீட்டுல. எமீமாதான் சமையல். அவளுக்கு முந்தின நாள்ல இருந்து காய்ச்சல் இருந்திருக்கு. எனக்குத் தெரியாது. அவ சொல்லல. சொன்னாத்தான தெரியும்? ஆஸ்பத்திரில வச்சு டாக்டரு கேக்காரு, "பிள்ளை அனலாக் கொதிச்சிருக்கு, வீட்டுல ஒருத்தரும் தொட்டுப் பாக்கலியா?"ன்னு. வீட்டுல விருந்தாளி வந்திருக்கும்போது யாரு யாரத் தொட்டுப் பாக்க முடியும்?

நாங்க முன் ரூம்ல இருக்கோம். பாஸ்டரம்மா கேட்டாவ, "இவ்வளவு பிள்ளைங்களையும் எப்படி சிஸ்டர் அடங்க வச்சிருக்கீங்க?"ன்னு. நான் இந்த கை வைக்குத காரியத்தத்தான் சொல்ல ஆரம்பிச்சேன். சொல்லிட்டே இருக்கேன், திர்சா வாரா. ஆறு வயசு. வந்து என் கைமேல கைய வைக்கா. சொல்லி வச்சாப்புல! கர்த்தரே அனுப்புன மாதிரி இருந்துச்சுக்கா எனக்கு. நான் அவ கைமேல என் கைய வச்சேன். "பாருங்க"ன்னேன். எல்லாரும் பாத்தாவ. வந்தவங்கள்ல ஒருத்தி "அல்லேலூயா"ன்னா. நான் வேணும்னே கொஞ்சம் நீட்டிப் பேசுனேன், எவ்வளவு நேரம் நிப்பான்னு அவிய பாக்கட்டும்னு. நின்னா. ஆடல, அசையல. ஒருத்தங்க போட்டோ எடுத்தாவ. "இந்தப் பாப்பாவுக்காக ஒரு ஜெபம் பண்ணுவோம்"னு பாஸ்டரம்மா சொல்லி, கண்ண மூடி, நல்ல நீளமா ஜெபம் பண்ணுனாவ. ஆமென் சொல்லிட்டு நான் திர்சாட்ட, "என்னம்மா?"ன்னு கேட்டேன்.

"அக்கா மேல கஞ்சி கொட்டிட்டும்மா."

அழல. பதறல. கேட்ட கேள்விக்குத் தெளிவா பதில் சொன்னா. அத நான் சொல்லத்தான் வேணும்.

போய்ப் பாத்தா, எமீமா அடுக்களைல தரையில உக்காந்திருக்கா. பெரிய சோத்துப் பானை. வடிக்கும்போது தலை சுத்தி, கை நழுவி, அவ்வளவு கஞ்சியும் இடது கையிலயும் தொடையிலயும். துப்பட்டாவ வாய்க்குள்ள வச்சுக் கடிச்சுக்கிட்டு இருக்கா. அவளும் சத்தம் போடல. விருந்தாளிங்க இருக்காவள்லா. என்னையப் பாத்ததும் துப்பட்டாவ எடுத்துட்டு என்ன சொன்னா தெரியுமா? "கொழம்ப எறக்கி வச்சிட்டேம்மா"ன்னா.

அந்தப் போட்டோ இருக்கு. இருங்க, காட்டுதேன். இந்த போன்ல தேடி எடுக்கது ஒரு பாடு. இந்தா. இது திர்சா. இது என் கை. சிரிச்ச மூஞ்சியா நிக்கால்லா? அப்படித்தான் நிக்கணும்னு பழக்கிருக்கேன். பின்னால தெரியுதே, அதான் அடுக்களை வாசல். எங்க குரூப்ல போட்டாவ. எத்தன பேரு நல்லாருக்குன்னு எழுதுனாவ! அவியளுக்கு என்ன தெரியும், போட்டோ எடுக்கும்போது எனக்கே தெரியாது.

ஏங்க்கா மூஞ்சியத் திருப்புதிய? வெயிலா?

எமீமாவோட அத்தையும் அத அழிச்சிருன்னுதான் சொன்னா. எதுக்கு அழிக்கணும்? நான் அத எடுத்து எடுத்துப் பாக்கேன். ஏதாவது தோணுதான்னு பாக்கேன். ஒண்ணும் தோண மாட்டேங்கு. அழுகையாவது வரணும்லா? ஆஸ்பத்திரில அவளுக்குக் கட்டு பிரிக்கும்போதும் பக்கத்துலதான் நின்னேன். நர்ஸ் பிள்ளை அழுதா. நான் நின்னேன், அவ்வளவுதான். மரத்துப் போச்சு. பல்லு புடுங்குதப்ப ஊசி போடுவாவள்லா, கன்னத்த கிள்ளுனா யாரோட கன்னமோ மாதிரி இருக்குமே, அப்படி.

அவ அத்தைன்னா, எங்க வீட்டுக்காரவியளுக்குத் தங்கச்சி. ஹெப்சி. நர்ஸு. கல்யாணம் வேண்டாம்னுட்டா. நாலு சுவருக்குள்ள ஒத்தையா இருக்கா, நமக்கு வீடு நடத்தப் பாடம் எடுப்பா. ஆஸ்பத்திரிக்கு வந்து நின்னா. "புண்ணு ஆறுத வரைக்கும் என்கூட இருக்கட்டும்"னு அண்ணன்ட்ட கேட்டா. இவிய சரின்னுட்டாவ. கூட்டிட்டுப் போயிட்டா. புண்ணு ஆறுச்சு, பிள்ளை வரல. இன்னும் ஒரு மாசம், இன்னும் ஒரு மாசம்னு இழுத்தா. பெறகு பாத்தா டியூஷன் அனுப்புதா, பரீட்சைக்குப் பணம் கட்டுதா. தும்பை விட்டுட்டு வாலப் பிடிக்க கதையா ஆயிட்டு எனக்கு.

வீட்டுல என்ன பாடு தெரியுமா? கெர்சோம் அடுப்புல நிக்கான், ஆம்பளப் பிள்ளை. ஒருத்தன் சட்டைய ஒருத்தன் போட்டுக்கிட்டுத் திரியான். பாடம் எடுக்க ஆளில்ல. திர்சா ராத்திரி பூரா படுக்கைய நனைக்கா. யாரும் ஒண்ணும் சொல்லதில்ல, அதுவும் எழுந்து தானே துணிய அலசிப் போட்டுட்டு நிக்கும். இவிய பம்புசெட்டு கடையில இருந்து வந்து, கூடத்துல உக்காந்து, "வீடு என்னமோ மாதிரி இருக்கு"ன்னு சொல்லுவாவ. என்னமோ மாதிரின்னா என்ன மாதிரி? அதச் சொல்ல மாட்டாவ.

வேலைக்கு ஆள் வேணும்னா நான் அவளக் கூப்பிட்டேன்? ஹெப்சி அப்படித்தான் கேட்டா. "ஒரு வேலைக்காரி வச்சுக்கிடுங்க மைனி, என் மருமகள விட்டுருங்க"ன்னு. வெந்த புண்ணுல வேலப் பாய்ச்சுத மாதிரி. பெத்தவ நான். பிள்ளைய வேலைக்கா கூப்பிடுவேன்? அவ இல்லாம வீடு நடக்கல, அதுக்காகத்தான் கூப்பிட்டேன்.

இன்னைக்குக் காலைல போனேன். ஹெப்சி வீடு மாடில. ஒபேத்த இடுப்புல வச்சுக்கிட்டு, வயித்தையும் தூக்கிக்கிட்டு, படி ஏறுதேன். பாதிப் படில நின்னு மூச்சு வாங்குதேன். மேல ஒரு பிள்ளை சிரிக்கா. அப்படி ஒரு சிரிப்பு, வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பாவள்லா, அப்படி. பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரோ வந்திருக்குன்னு நெனச்சேன். அடக்கமில்லாத பிள்ளையா இருக்கேன்னு நெனச்சேன். கதவத் தொறந்தா, எமீமா. அவ அத்தை ஏதோ சொல்லிருக்கா, அதுக்குச் சிரிக்கா. பதினெட்டு வருசம் வளத்திருக்கேன், எனக்கு அந்தச் சத்தம் யாருதுன்னு தெரியலக்கா.

என்னையப் பாத்ததும் நிறுத்திட்டா. எந்திரிச்சு, துப்பட்டாவ சரி பண்ணிட்டு, "வாங்கம்மா"ன்னா. ஒபேத்து என் இடுப்புல இருந்து பாஞ்சு அவட்ட போயிட்டான்.

மேசை பூரா புஸ்தகம். கணக்கு போட்டுக்கிட்டு இருந்திருக்கா. நான் கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன். எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஒரு பக்கம் பூரா போட்டு, கீழ விடைக்கு ரெண்டு கோடு இழுத்து வச்சிருக்கா. அழகான கையெழுத்து.

"பிள்ளை தலை எறங்கிட்டுன்னு டாக்டரு சொல்லிட்டாவ எமீமா, என்னால முடியல, கெளம்பு"ன்னேன். "பரீட்சை அடுத்த வருசம் எழுதிக்கலாம்"னேன். அவ ஒரு செகண்டு மேசையப் பாத்தா. ஒரே ஒரு செகண்டு. பெறகு "சரிம்மா"ன்னா. உள்ள போயி பைய எடுத்துத் துணிய அடுக்க ஆரம்பிச்சிட்டா. அந்த இடது கை இன்னும் முழுசா நீட்ட வரல, தோலு சுருங்கி இருக்கு. மடக்குனபடியே அடுக்கா.

ஹெப்சிதான் குதிச்சா. "ஏட்டி, வாயத் தொறந்து பேசேன், போகலன்னு ஒரு வார்த்தை சொல்லேன்"னு அவளப் பிடிச்சு உலுக்குதா. இவ அடுத்த துணிய எடுத்து மடிக்கா. பெறகு ஹெப்சி என் பக்கம் திரும்பி, "இவ சரின்னு சொல்லுதது உங்களுக்கு சந்தோசமா இருக்கா மைனி?"ன்னு கேட்டா.

ஆமான்னேன். பின்ன என்ன சொல்ல?

ஆனா ஒண்ணு சொல்லணும். சந்தோசம் வரல. வரும்னு நெனச்சேன். பஸ் ஏறும்போதும் பாத்தேன், டிக்கெட் எடுக்கும்போதும் பாத்தேன், வரல. பிள்ளைதான் வந்திருக்கு.

வள்ளியூர் வந்துட்டா? இந்த பஸ்ஸு இங்க நின்னா நின்னதுதான். டிரைவரு டீ குடிச்சிட்டு, பேப்பர்ல ஒரு பக்கம் படிச்சிட்டுத்தான் வருவாரு. நீங்க எறங்கணும்னா எறங்குங்க, நான் எடம் பிடிச்சு வைக்கேன். வேண்டாமா?

என்னம்மா எமீமா? சரி, பிள்ளையக் குடு. பைய, பைய. முழிச்சிறப் போறான். தலைய இந்தப் பக்கம் வை. ம். போயிட்டு வா. பாத்ரூம் அந்தக் கடைக்குப் பின்னால இருக்கு, காசு வச்சிருக்கியா? சரி, போ.

பாத்தியளா, எவ்வளவு பதவிசாக் கேட்டுட்டுப் போறா? "கொஞ்சம் பிடிங்கம்மா, போயிட்டு வாரேன்"ன்னு. இந்தக் காலத்துல எந்தப் பிள்ளை கேக்கு?

இவன் தூங்குதான், அதான் என் மடில இருக்கான். முழிச்சான்னா தெரியும். இவன் காலு கொஞ்சம் உங்க மேல படும், பாத்துக்கிடுங்க. நல்லா கனக்கான். நல்லாத்தான் வளத்திருக்கா.

நாளையில இருந்து வீடு பழையபடி ஆயிரும். காலைல எந்திரிச்ச உடனே அடுக்களைய அவட்ட குடுத்துருவேன். திர்சாவ ராத்திரி அவ பக்கத்துல போட்டுக்கிடுவா. இந்த வயித்துல உள்ளதையும் அவட்டதான் குடுக்கணும்னு நெனச்சிருக்கேன். திர்சாவுக்கு இன்னும் தூக்குத பலம் வரல, நாலஞ்சு வருசம் போகணும். அது வரைக்கும் எமீமாதான். பெறகு ஒரு நல்ல எடமாப் பாத்துக் குடுத்துருவோம். கையில தழும்பு இருந்தா என்ன, முழுக்கை போட்டா தெரியவா போகுது? குடும்பம் நடத்தத் தெரிஞ்ச பிள்ளை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் நாளே எல்லாத்தையும் எடுத்துக்கிடுவா. அவளுக்குத் தெரியாத வேல என்ன இருக்கு?

என்னக்கா?

எங்க? எந்த பஸ்ஸு?

திருநெல்வேலி போறது, நாம வந்த வழிக்கே. ஆமா, நீலத் துப்பட்டா. அவதான்.

அந்த பஸ்ஸுல எதுக்கு ஏறுனா? பஸ்ஸு மாறி ஏறிட்டாளோ? போர்டு வாசிக்கத் தெரியாத பிள்ளையா அவ?

பைய விட்டுட்டுப் போயிருக்கா. அந்தா, அவ சீட்டுக்கு அடியிலதான் கெடக்கு.

பாக்கா. என்னையத்தான் பாக்கா. எவ்வளவு நேரமாப் பாத்துக்கிட்டு இருக்காளோ, நான் பேசிக்கிட்டே இருந்திருக்கேன்.

இல்லக்கா, நீங்க எந்திரிக்காதிய. நீங்க போய்க் கூப்பிட வேண்டாம். நான் கூப்பிட்டாப் போதும். எறங்கக்கூட வேண்டாம், இங்க இருந்தே "எமீமா"ன்னு ஒரு சத்தம் குடுத்தாப் போதும், "சரிம்மா"ன்னு எறங்கி வந்துருவா. ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டா. வந்து இந்தப் பிள்ளைய வாங்கிக்கிட்டு அந்த சீட்டுல உக்காந்துருவா. எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்க்கா. அதான் அப்படிப் பாக்கா. கூப்பிட்டுருவேனோ, கூப்பிட்டுருவேனோன்னு பாக்கா.

என்னமோ படபடன்னு வருதுக்கா. நெஞ்சுலயா வயித்துலயான்னு தெரியல. இந்தத் தண்ணி பாட்டில எடுங்க. வேண்டாம், இருக்கட்டும்.

டிரைவரு ஏறிட்டாரு. அந்த பஸ்ஸு இன்னும் எடுக்கல.

கண்டக்டரு வாராரு.

என்ன சார்? ஆமா, காவல்கிணறு. ரெண்டு டிக்கெட்டுதான். அந்தப் பிள்ளையா?

அவ வரல சார். நீங்க விசில் அடிங்க.